பன்னிரண்டாவது மறுப்பு

குடிநீர் வாரியத்தில் பதினேழு ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் வராத நாட்களில், வராததற்கு வருந்தி ஓர் அறிவிப்பு எழுத வேண்டும். தண்ணீர் வரும் நாட்களில் அவருக்கு வேலை கிடையாது. அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் இல்லாததால் ஓய்வும் அதிகம் இல்லை. எல்லா அறிவிப்பும் "வருந்துகிறோம்" என்று முடிந்ததால் சக ஊழியர்கள் அவரை வருத்தம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "வருத்தம் இன்னும் வரலையா?", "வருத்தத்துக்கு ஒரு டீ சொல்லுங்க" என்று நாளடைவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு கோடையில் ஒன்பது நாட்கள் சேர்ந்தாற்போல் தண்ணீர் வரவில்லை. வாரியத்தின் கண்ணாடிகளை உடைக்க ஒரு கூட்டம் கற்களோடு வந்தது. வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை முன்வரிசை படித்தது. "நாளையும் தண்ணீர் வராது. இன்று நீங்கள் வாளியோடு இரண்டு மணி நேரம் நின்றது எங்களுக்குத் தெரியும். குழாய் ஒருமுறை இருமியபோது நீங்கள் நம்பியதும் தெரியும். வருந்துகிறோம்." முன்வரிசை அதைப் பின்வரிசைக்கு உரக்கப் படித்துக் காட்டியது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்தார்கள். ஓர் அம்மாள் மட்டும் உள்ளே வந்து, தன் கையிலிருந்த கல்லை வரவேற்பு மேசைமீது மெதுவாக வைத்து, "இது இங்கயே இருக்கட்டும், யாருக்காவது பயன்படும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் செய்தி ஓர் அமைச்சரின் மக்கள் தொடர்பு அலுவலகத்தை எட்டியது. மறுநாள் காலை அவரை அழைத்துப்போக வாரியத்தின் வாசலில் கார் நின்றது.

"மக்கள் தொடர்பு அலுவலகத்துல என்னங்க வேலை?" என்று அன்று வீட்டில் மனைவி கேட்டாள். அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். பத்தொன்பது ஆண்டுகளாகத் தினமும் ஈரத் தலையோடுதான் வீடு திரும்புவாள்.

"சரியாத் தெரியலை. அநேகமா இதே வேலைதான். தண்ணிக்குப் பதிலா அமைச்சர்."

"அமைச்சர் வராத அன்னைக்கு வருத்தப்படணுமா?"

"வந்த அன்னைக்குன்னு நினைக்கிறேன்."

அலுவலகம் மூன்றாவது மாடியில் ஒரு நீண்ட கூடம். சுவர் நெடுக இரும்பு அலமாரிகள். அவற்றில் நாற்பது இழுப்பறைகள். ஒவ்வொன்றின்மீதும் ஒரு சீட்டு: உறவினர், நிலம், வாகனம், மேடையில் சொன்னவை, மேடையில் சொல்ல நினைத்தவை, தூக்கம். ஓர் அம்மாள் உருளும் நாற்காலியில் அமர்ந்தபடியே அலமாரிக்கு அலமாரி போய்வந்துகொண்டிருந்தார். அவரை இழுப்பறையம்மா என்றார்கள். தலைமை ஆலோசகர் கழுத்தில் ஓட்டப் பந்தயக் கடிகாரம் ஒன்றை மாட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

"வாங்க வருத்தம். நம்ம தொழிலைச் சுருக்கமாச் சொல்லிடறேன். ஒரு தப்பு நடக்குது. அதைப் பத்திச் செய்தி வருது. நாம மறுப்பு கொடுக்கறோம். இதுல தாமதமாகறது எது?"

"தப்பா?"

"தப்பு என்னைக்குங்க தாமதமாகியிருக்கு? மறுப்புதான்! யோசிச்சு, எழுதி, அடிச்சு அனுப்பறதுக்குள்ள ஜனங்க நம்பிடறாங்க. அதனால நான் ஒரு முறை கொண்டுவந்தேன். மறுப்பு முதல்ல. அமைச்சர் செய்யக்கூடியது, செய்யமுடியாதது, அவர் கனவுல செய்யறது, எல்லாத்துக்கும் மறுப்பை முன்கூட்டியே எழுதி இழுப்பறையில வெச்சிடுவோம். செய்தி வந்தா உருவி அனுப்பறதுதான் பாக்கி."

"செய்தி வரலைன்னா?"

"வரும்" என்றார் தலைமை ஆலோசகர், விதைத்தவன் மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மறுப்புகள். அதை முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதியும் எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும். இவை விதிகள். வருத்தம் முதல் தாளை எழுதிக் கொடுத்தார். அமைச்சர் சபையில் குறட்டை விட்டார் என்ற செய்தி வந்தால் அனுப்ப வேண்டிய தாள் அது. முழுவதும் நன்றாகவே இருந்தது. ஆனால் பழக்கதோஷத்தில் "வருந்துகிறோம்" என்று முடித்திருந்தார்.

இழுப்பறையம்மாவின் நாற்காலி பாதி வழியில் நின்றது. தலைமை ஆலோசகர் தாளை இரண்டு விரல்களால் ஓரத்தில் பிடித்துத் தூக்கினார்.

"இந்த வார்த்தையை இங்க எழுதக் கூடாது. சொல்லவும் கூடாது. பக்கத்து அறையில நம்ம வக்கீல் இருக்காரு. இதயம் பலவீனமானவர்."

அதற்குப்பின் வருத்தம் ஒருமுறைகூட வருந்தவில்லை. பதினேழு ஆண்டுகள் பிறர் இடத்தில் தன்னை நிறுத்தி அவர்கள் மனதைப் படித்துப் பழகியவர் என்பதால், அமைச்சர் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பது அவருக்குத் தடையின்றித் தோன்றியது. தன் வாழ்நாளில் வரிசையைக்கூடத் தாண்டாத மனிதர், நாளைக்குப் பன்னிரண்டு குற்றங்களைக் கற்பனை செய்தார். அவருடைய குற்றங்களில் வீட்டுச் சமையல் குறிப்பின் எளிமை இருந்தது. படிப்பவருக்கு, செய்து பார்க்கலாமே என்று தோன்றும்.

முதல் வெற்றி ஒரு திங்கட்கிழமை வந்தது. அமைச்சரின் கார் நகரின் நடு ரவுண்டானாவில் ஏறி, மலர்ப்பாத்தியில் நின்றுவிட்டது. நான்காவது நிமிடமே மறுப்பு வெளியானது: "அமைச்சரின் கார் எந்தப் பாத்தியிலும் ஏறவில்லை." கார் அப்போதும் பாத்தியில்தான் நின்றுகொண்டிருந்தது. சுற்றி நின்ற ஜனங்கள் கைபேசியில் மறுப்பைப் படித்தார்கள், காரைப் பார்த்தார்கள், மறுபடி படித்தார்கள். "அப்ப இது யாரோட கார்?" என்று ஒருவர் அமைச்சரிடமே கேட்டார். "அதைத்தான் நானும் விசாரிச்சிட்டு இருக்கேன்" என்றார் அமைச்சர் ஜன்னல் வழியாக.

அன்று மாலை அமைச்சர் வருத்தத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கு இளநிலை மறுப்பாளர் என்ற பதவி கிடைத்தது. மூன்று மாதத்தில் முதுநிலை மறுப்பாளர். ஆண்டு முடிவதற்குள் அரசியல் மக்கள் தொடர்பு ஆலோசகர்.

இந்த நேரத்தில்தான் அமைச்சர் நீண்ட பயணங்களில் படிக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டு, வருத்தத்தின் இழுப்பறைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. "அரசு விருந்தினர் மாளிகையின் மின்தூக்கியைக் கழற்றி அமைச்சர் தன் வீட்டில் மாட்டிக்கொண்டார் என்பது பொய்" என்று ஒரு தாள் இருந்தது. அமைச்சரின் வீடு ஒற்றைத் தளம். பத்து நாட்களில் அங்கே மின்தூக்கி வந்துவிட்டது. அமைச்சர் அதில் ஏறிப் பொத்தானை அழுத்தி, கதவு மூடி, கதவு திறந்து, அதே இடத்தில் இறங்கினார். மிகவும் சௌகரியமாக இருப்பதாகச் சொன்னார். "நகர மணிக்கூண்டை அமைச்சர் தான் எழுந்திருக்கும் நேரத்துக்கு ஏற்பத் திருப்பி வைத்தார் என்பது அவதூறு" என்று இன்னொரு தாள். மணிக்கூண்டு ஐம்பது நிமிடம் பின்னால் போனது. பேருந்துகள் கிளம்புமுன்பே போய்ச்சேர்ந்தன. அமைச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விழாவுக்குச் சரியான நேரத்தில் வந்தார்.

இழுப்பறையம்மாதான் ஒருநாள் நாற்காலியை வருத்தத்தின் மேசைக்கு உருட்டிக்கொண்டு வந்தார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? முன்னாடியெல்லாம் விஷயம் நடக்கும், நான் தாளைத் தேடுவேன். இப்ப தாள் போகுது, அப்புறம் விஷயம் நடக்குது."

"அப்படியா?"

"நேத்து அமைச்சர் போன் பண்ணி, 'பதினாலாவது தாள் பிரமாதம், எனக்கு இது தோணவே இல்லையே'ன்னாரு."

வருத்தம் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். பிறகு, "தற்செயலா இருக்கும்" என்றார்.

"இருக்கும். மின்தூக்கி தற்செயலா நடந்து போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உருண்டு போனார்.

ஏழாம் தேதி மாலை ஐந்தே கால் மணிக்கு வருத்தம் பதினொரு மறுப்புகளை முடித்திருந்தார். பன்னிரண்டாவது வரவில்லை. கைபேசி அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? குளத்துல கடைசி வகுப்பு முடிஞ்சிருச்சு. வாசல்ல நிக்கறேன்."

அவள் குரலுக்குப் பின்னால் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. யாரோ தண்ணீரில் வயிற்றால் விழுந்த சத்தம். அதற்கு எழுந்த சிரிப்பு. "இதோ கிளம்பிட்டேன்" என்று வைத்தார். பேனா தானாக நகர்ந்தது. "நகராட்சி நீச்சல் குளத்தை மூடி, அந்த இடத்தை அமைச்சரின் மைத்துனருடைய கார் விற்பனைக் கூடத்துக்குக் கொடுக்கும் எண்ணம் எதுவும் இல்லை." தேதி போட்டார். பெயர் போட்டார். பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

பதிமூன்றாம் தேதி மனைவி உலர்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்தவர் அதைத்தான் முதலில் பார்த்தார். அவள் தலைமுடி இவ்வளவு நீளம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. மாசக் கடைசியோட மூடறாங்களாம். வகுப்பெல்லாம் இன்னைக்கே நிறுத்தியாச்சு. கார் ஷோரூம் வருதாம்" என்றாள். பையை வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "எந்த வீணாப்போனவன் மூளையில உதிச்சதோ. அவனை மட்டும் என் கையில கொடுத்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

வருத்தம் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேக்கறேன்" என்றார்.

மறுநாள் தலைமை ஆலோசகரிடம் கேட்டார். அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"குளத்தை மூடலைன்னு நம்மகிட்ட மறுப்பு இருக்கே?"

"இருக்கு சார். ஆனா மூடறாங்களே."

"அதான் சொல்றேன். மறுப்பு இருக்கறப்ப மூடறதுல என்ன சிரமம்? மறுப்பு இல்லாம ஒரு காரியத்தைச் செஞ்சா, அது பொறுப்பில்லாத அரசாங்கம். மறுப்பைத் தயாரா வெச்சுக்கிட்டுச் செஞ்சா, அது நிர்வாகம். நான் இருபது வருஷமா ஒரே ஒரு கொள்கையோட இருக்கேன் வருத்தம். ஜனங்களுக்கு நாம எதையும் மறைக்கக் கூடாது. எல்லாத்தையும் அவங்க கண்ணு முன்னாடியே செய்யணும். செஞ்சுட்டு, இல்லைன்னு சொல்லணும். அதுதான் வெளிப்படைத்தன்மை."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. வருத்தம் வெளியே வந்து இழுப்பறையம்மாவின் பக்கத்தில் நின்றார். நடந்ததைச் சொன்னார். குளம் யாருடைய வேலையிடம் என்பதையும் சொன்னார்.

"ஐயோ, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

வருத்தம் மறுபடியும் ஒரு சுவரைத் தேடினார்.

"சரி, விடுங்க. அமைச்சர் தானா எதையும் யோசிக்கற ஆளு இல்லை. படிக்கறதைத்தான் செய்யறாரு. வேற ஏதாவது படிக்கக் கொடுங்க" என்றார் இழுப்பறையம்மா.

அன்று வருத்தம் பன்னிரண்டு தாள்களையும் ஒரே மூச்சில் எழுதினார். "குளத்தை மூடும் உத்தரவை அமைச்சர் யாருக்கும் தெரியாமல் கிழித்துப்போட்டார் என்பது அப்பட்டமான பொய்." "குளத்தின் உடைந்த ஓடுகளை அமைச்சர் ரகசியமாக மாற்றினார் என்ற வதந்தி கண்டிக்கத்தக்கது." "குழந்தைகளுக்கு அனுமதி இலவசம் என்று அமைச்சர் மறைமுகமாக ஏற்பாடு செய்ததாகச் சொல்பவர்கள்மீது சட்டம் பாயும்." தாள்கள் காரில் ஏறின.

மூன்றாம் நாள் அமைச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மடியில் தாள்கள் இருந்தன. முகம் யோசனையில் இருந்தது. அது அவருக்குப் பழக்கமில்லாததால் சற்று நோய்வாய்ப்பட்டவர்போலத் தெரிந்தார்.

"இதெல்லாம் குற்றமா?"

"எதிர்க்கட்சிக்காரங்க கேள்விப்பட்டா துடிச்சுப்போயிடுவாங்க ஐயா."

"மச்சானுக்கு இதுல பங்கு உண்டா?"

"இல்லைங்க."

"எனக்கு?"

"ஒண்ணுமே இல்லைங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு துளி இல்லைங்க."

அமைச்சர் தாள்களை மறுபடி ஒருமுறை புரட்டினார். மெல்ல மெல்ல அந்த முகத்தில் மரியாதை படர்ந்தது.

"எனக்கே தெரியாத அளவுக்கு மறைச்சிருக்கீங்க. அப்ப ரொம்பப் பெரிய விஷயமாத்தான் இருக்கணும்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்கிட்டக்கூடச் சொல்லாதீங்க. செஞ்சிடலாம்."

உத்தரவு அன்று மாலையே கிழிக்கப்பட்டது. முகமூடி அணிந்த கொத்தனார்கள் வந்து ஓடுகளை மாற்றினார்கள். யாராவது எட்டிப் பார்த்தால் விளக்கை அணைத்தார்கள். மைத்துனர் அழுதுகொண்டு வந்தார். அமைச்சர் அவரைத் தோளில் தட்டி, "பொறு மாப்ளே, இதுல உள்குத்து இருக்கு" என்று அனுப்பிவைத்தார். நிருபர்கள் கேட்டபோது மேசையைக் குத்தி மறுத்தார். "நான் எந்த நல்லதும் செய்யலை! என் அரசியல் வாழ்க்கையிலேயே செஞ்சதில்லை! நிரூபிக்க முடியுமா?" நகரம் முழுக்க அவரைக் கொண்டாடியது.

மனைவி மறுபடி ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டச் சமையலறையில் நின்று, "யாரோ ஒரு புண்ணியவான் உள்ள இருந்து வேலை பார்த்திருக்கான்" என்றாள். வருத்தம் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று அவள் நினைத்திருக்கலாம்.

திறப்புவிழா சனிக்கிழமை காலை. குளத்தின் நான்கு பக்கமும் கூட்டம். வரிசையாகக் குழந்தைகள் நீச்சலுடையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் ரிப்பனை வெட்டினார். வெட்டும்போதே தலைமை ஆலோசகர் ஒலிபெருக்கியில், "இங்கே எந்த ரிப்பனும் வெட்டப்படவில்லை" என்று வாசித்தார். கூட்டம் கைதட்டியது. பிறகு, எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர் என்பதால், குளத்தைப் பற்றி அலுவலகம் இதுவரை எழுதிய எல்லா மறுப்புகளையும் தேதிவாரியாக அடுக்கி, அழகாகத் தைத்து, வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

வருத்தம் அதைப் பார்த்தபோது பிரதிகள் எதிர்க்கரையை எட்டியிருந்தன. அங்கேதான் மனைவி நின்றிருந்தாள். குளத்தைச் சுற்றி அவர் ஓடினார். ஈரத் தரை. ஓடவும் முடியவில்லை.

அவர் போய்ச்சேர்ந்தபோது அவள் முதல் தாளிலேயே நின்றிருந்தாள்.

"இதுல ஏழாம் தேதின்னு போட்டிருக்கு."

"ஆமா."

"கேட்டுல நோட்டீஸ் ஒட்டினது பதிமூணாம் தேதி."

"ஆமா."

"மூடப்போறாங்கன்னு யாருக்குமே தெரியாதப்ப, மூடமாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

வருத்தம் வாயைத் திறந்தார். "அப்படியொரு எண்ணம் எந்த நிலையிலும்..." என்று அது தானாகவே ஆரம்பித்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் வாயை மூடினார். குளத்தில் எங்கோ ஒரு குழாய் சொட்டியது. எல்லோரும் கேட்கும்படி சொட்டியது.

"நான்தான்" என்றார். "அமைச்சருக்கு அது தோணவே இல்லை. எனக்குத்தான் தோணுச்சு. பஸ்ஸைப் பிடிக்கற அவசரத்துல எழுதினேன். அதைப் படிச்சுட்டுத்தான் மூடினாங்க."

தலைமை ஆலோசகரின் கை கழுத்துக் கடிகாரத்துக்குப் போனது. "எங்கள் ஆலோசகர் சற்றுமுன் எதையோ ஒப்புக்கொண்டதாகப் பரவும் வதந்தி அடிப்படையற்றது!" என்று ஒலிபெருக்கி அலறியது.

"நான் ஒப்புக்கத்தான் செய்யறேன்" என்றார் வருத்தம்.

"அவர் பேசவே இல்லை! அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது!"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு!"

"அவர் எங்கள் ஆலோசகரே அல்ல! அவரை நாங்கள் பார்த்ததே இல்லை!"

நிருபர்கள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி எழுதினார்கள். அமைச்சர் இழுப்பறையம்மாவின் காதருகே குனிந்து, "இது எந்த இழுப்பறை?" என்று கேட்டார்.

"இதுக்கு இழுப்பறையே இல்லைங்கய்யா" என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு.

மனைவி தாள்களை மடித்துப் பக்கத்தில் நின்ற குழந்தையிடம் கொடுத்தாள். வருத்தத்தின் கண்ணாடியைக் கழற்றி அதையும் கொடுத்தாள். பிறகு ஒரு கையை அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள்.

நீச்சல் பயிற்சியாளரின் கணவருக்கு நீந்தத் தெரியாது என்பது நகரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கீழே போனார், கோட்டும் டையுமாக. மேலே வந்தார். காதில் முதலில் விழுந்தது ஒலிபெருக்கி: "குளத்தில் யாரும் விழவில்லை! தண்ணீரில் தெரிவது பழைய படம்!" மறுபடி கீழே போனார்.

இரண்டாம் முறை மேலே வந்தபோது மனைவியின் முகம் விளிம்பில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டவில்லை.

"அந்தாளு சொல்றதைக் காதுல வாங்காதீங்க. மூச்சை விடுங்க. விடுங்கன்னா விடணும், பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. ஆங். இப்பக் காலை உதைங்க. முட்டியை மடக்காம!"

அவர் உதைத்தார். உடம்பு தானாக மேலே எழும்பி மிதந்தது. குழந்தைகள் கத்தினார்கள்.

"அப்படித்தான்! இன்னும் நாலு உதை, கரைக்கு வந்துருவீங்க. வாங்க, வெளிய வந்ததும் இருக்கு உங்களுக்கு!"

அதைக் கேட்டதும் வருத்தம் கரைக்கு வருவதை நிறுத்தினார். தண்ணீரிலேயே தட்டுத்தடுமாறித் திரும்பி, இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருந்த எதிர்க்கரையை நோக்கி உதைக்க ஆரம்பித்தார். அவள் எழுந்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, விளிம்போடு கூடவே நடந்தாள்.